பெரியப்பா பேரனுக்குக் காதுகுத்து

பெரியப்பா பேரனுக்குச் சின்னாளபட்டியில் காதுகுத்து. பத்திரிகை வாட்ஸ்அப்பில் வந்தது. வீடு தேடி வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை என்று அப்பா வர மறுத்தார்.

"மானம் மரியாதைய விட்டுட்டு வரச் சொல்றியா?" என்று என் மேல் பாய்ந்தார்.

வீட்டுக்கு ஒருவராவது தலைகாட்ட வேண்டுமென்று அம்மா என்னைக் கூட்டிப் போனார். திரும்பும்போது தூக்குச்சட்டியில் மட்டன் பிரியாணி வாங்கிக்கொண்டார். அப்பா தொடமாட்டார் என்றேன். தொட்டார். பந்தியில் உட்கார்ந்தால்தான் மானம் போகுமாம். வீட்டில் சாப்பிட்டால் போகாதாம். இந்த நியாயம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

பாதியில் சோற்றைத் துழாவியவர் நிமிர்ந்தார்.

"எனக்குன்னு சொல்லித்தான வாங்குன?"

அம்மா தலையாட்டினார்.

"எம்பேரச் சொல்லியும் ரெண்டே துண்டு கறி. இதுக்குத்தாண்டி நான் அங்க வரல."