பின்னல் ஊசிகளுக்கு ஒரு பை

நண்டுக் காலிலிருந்து சதையை நோண்டி எடுக்க என் மாமியார் என்னுடைய பின்னல் ஊசியைத்தான் எடுத்துக்கொண்டு போகிறார் என்பது, ஒரு வெள்ளைக் குல்லாவில் மஞ்சள் கோடு விழுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மூங்கில் ஊசி. குழம்பு மஞ்சள் அதில் நன்றாக ஊறிப்போயிருந்தது. கவனிக்காமல் நாலைந்து வரிசை பின்னிவிட்டேன். பிரித்து, அந்த நூலைச் சோப்புப் போட்டு அலசி, கொடியில் காயப் போட்டேன். காய்ந்த பிறகும் நண்டு வாசனை போகவில்லை.

"அத்தை, இதை எடுக்காதீங்கன்னு சொன்னேன் இல்ல?"

"கொழந்தைக்குத்தானே சதை எடுத்துக் குடுத்தேன். கழுவித்தானே வெச்சேன்" என்றார்.

அதில் பொய் இல்லை. கழுவித்தான் வைத்திருந்தார், கரண்டிகளோடு சேர்த்து.

அதற்கு முந்தின வாரம் என் கணவர். படகு எஞ்சினில் தண்ணீர் வெளியே வருகிற ஓட்டையைப் பாசி அடைத்துக்கொண்டதாம். அலுமினிய ஊசி ஒன்றைக் கொண்டுபோய்க் குத்தியிருக்கிறார். ஊசி வளைந்து வீட்டுக்கு வந்தது. அம்மிக்கல் மேல் வைத்துத் தட்டி நிமிர்த்தி, "நேராத்தானே இருக்குது" என்று நீட்டினார். அவர் கண்ணுக்கு நேர்தான். ஆனால் பின்னும்போது நூல் அந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிடும். ஒவ்வொரு கண்ணியையும் விரலால் தள்ளித் தள்ளிக் கொண்டுபோக வேண்டும். மகள் பங்குக்கு அவளும் இரண்டு ஊசிகளை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு ஓடுவாள், நண்டு வளை தோண்ட. போனது ஜோடியாக, வருவது ஒற்றையாக.

ஆரம்பாக்கத்தில் பயிர் வைக்கிற வீட்டில் பிறந்தவள் நான். எங்கள் வீட்டில் அரிவாள் என்றால் அப்பாவுடையது, அதை யாரும் தொட மாட்டார்கள். இங்கே மீன் பிடிக்கிற வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த பிறகுதான் பார்த்தேன், கூராகவும் நீளமாகவும் இருக்கிற பொருள் எதுவும் ஒருத்தருக்கென்று இல்லை. கைக்கு அகப்பட்டவர் எடுத்து வேலையை முடித்துக்கொள்ள வேண்டியதுதான். நானும் அந்த ஊசிகளை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், துடைப்பத்துக்குப் பக்கத்தில் நட்டு வைத்திருந்தேன். அவற்றுக்கென்று ஒரு இடம் இருந்தால் எடுக்க யோசிப்பார்கள் என்று தோன்றியது. துணியில் பை தைத்து, அளவுக்கு ஒரு அறையாகப் பிரித்து, பாய் மாதிரி சுருட்டிக் கட்டிவிட வேண்டும். ஒரே மத்தியானத்து வேலை என்று நினைத்தேன்.

இந்த உப்புக் காற்றிலும் வெயிலிலும் கம்பளிக் குல்லா எதற்கு என்று என்னைக் கேட்காதவர்கள் ஊரில் கிடையாது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

மகள் குறை மாதத்தில் பிறந்தாள். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். என் உள்ளங்கையை விரித்தால் அவள் தலை அதற்குள் அடங்கிவிடும். வெளியே தார் உருகுகிற வெயில், உள்ளே அந்தப் பிள்ளைகளுக்குக் குளிர். தலை வழியாக உடம்புச் சூடு போய்விடும் என்று நர்ஸ் சொன்னார். பக்கத்துக் கட்டிலில் குன்னூரிலிருந்து வந்த ஒரு பெண், என் வயதுதான். அவள் பிள்ளையும் பெட்டிக்குள்தான் இருந்தது. அவள் பையிலிருந்து நூலும் ஊசியும் எடுத்துப் பின்னிக்கொண்டே இருப்பாள். பிள்ளையைத் தூக்கவும் விடாத, பால் கொடுக்கவும் கூப்பிடாத நாட்கள் அவை. சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. எனக்கும் சொல்லிக் கொடு என்று கேட்டேன். வெள்ளை நூலில் நான் பின்னிய முதல் குல்லா ஒரு பக்கம் கோணலாக இருந்தது. அதைத்தான் என் பெண் போட்டுக்கொண்டாள். குன்னூர்க்காரி எனக்கு முன்னால் பிள்ளையோடு வீடு திரும்பினாள். போகும்போது ஊசிகளில் பாதியை என் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

இப்போது மகள் பள்ளிக்கூடம் போகிறாள். வருடத்துக்கு ஒரு முறை அவளை அந்த ஆஸ்பத்திரியில் காட்டப் போகும்போது ஒரு பை நிறையக் குல்லா கொண்டுபோய்க் கொடுப்பேன். இந்தத் தடவை மழைக்கு முன்பே கிடைத்தால் நல்லது என்று நர்ஸ் போனில் கேட்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் ஊசிகள் ஒவ்வொன்றாக நண்டுக்கும் எஞ்சினுக்கும் போய்க்கொண்டிருந்தன.

முதலில் கணவரின் பழைய ஜீன்ஸ் பேண்டை வெட்டினேன். தடித்த துணி, ஊசி முனை குத்திக்கொண்டு வெளியே வராது என்பது என் கணக்கு. தையல் மிஷின் பக்கத்து வீட்டில், என் ஓரகத்தியிடம். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைப்பவர் அவர். கெஞ்சிக் கேட்டு உட்கார்ந்தேன். இரண்டு மடிப்புச் சேருகிற இடத்தில் மிஷின் ஊசி டக்கென்று உடைந்தது. வேறு ஊசி போட்டார், அதுவும் போயிற்று.

"கல்யாண ரவிக்கை கெடக்குது எனக்கு. இது இன்னா துணியா, மாட்டுத் தோலா? எய்ந்திரு" என்றார் ஓரகத்தி. எழுந்துவிட்டேன்.

பிறகு பொன்னேரிக்குப் பஸ் ஏறிப் போய்க் காடாத் துணி வாங்கி வந்தேன். மிஷின் பக்கம் போகாமல் கையாலேயே தைத்தேன். ஊசிகளைத் துணிமேல் வரிசையாகப் படுக்க வைத்து, மெலிந்ததற்குக் குறுகலாக, பருத்ததற்கு அகலமாகச் சாக்பீஸால் கோடு போட்டு, கோட்டின்மேல் நெருக்கித் தையல் ஓட்டினேன். காடா முரட்டுத் துணி. விரல் நுனியெல்லாம் குத்துப்பட்டது. வேலையும் ஒரேயடியாக நடக்கவில்லை. கோடு போட உட்கார்ந்தால் தண்ணீர் லாரி வரும். தைக்க உட்கார்ந்தால் இறால் வந்துவிடும். ஆனாலும் முடித்தேன். ஒவ்வொரு ஊசியும் அதனதன் அறையில் கச்சிதமாக உட்கார்ந்தது. பார்க்க அழகாகவே இருந்தது.

மறுநாள் காலை அது மீன் கூடைக்கு அடியில் கிடந்தது. யார் வைத்தது என்று கேட்டேன். யாரும் வைக்கவில்லையாம். மீன் தண்ணீர் இறங்கி நாறியது. ஊசிகளை உருவிவிட்டுப் பையைத் துவைத்துப் போட்டேன். காய்ந்து எடுத்தால், கை துடைக்கிற துணி அளவுக்குச் சுருங்கியிருந்தது. புதுக் காடா சுருங்கும், முதலில் நனைத்துப் போட வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அவசரத்தில் விட்டுவிட்டேன். பருத்த ஊசிகள் ஒன்றும் உள்ளே நுழையவில்லை. அன்றைக்கு அழுகை வந்தது. ஒரு துணிப் பைக்கு அழுகிறேனே என்று அதற்கும் சேர்த்து எரிச்சல் வந்தது.

மிச்சத் துணியை இரவெல்லாம் ஊறவைத்து, காயவைத்து, மறுபடி வெட்டினேன். இந்த முறை அறைகளை ஒரு விரல் கூடுதலாக விட்டேன். சுருட்டும்போது ஊசிகள் மேல்பக்கமாக நழுவி விழாமல் இருக்க, மேலே மடித்து மூடுகிற மாதிரி ஒரு துண்டும் வைத்தேன். அறைகளைத் தைத்து முடித்துவிட்டேன், ஓரம் மடிக்க வேண்டியதுதான் பாக்கி. அன்றைக்குப் பார்த்து ஏரியில் எங்களுக்குப் பாடு. பாடு என்றால் வலை போடுகிற முறை. ஒவ்வொரு மீனவர் கூட்டத்துக்கும் மாறி மாறி வரும். அந்த நாளை விட்டால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். வீட்டுப் பெண்கள் எல்லாரும் கரையில் இறால் பிரிக்கப் போனோம்.

திரும்பி வந்தபோது பையைக் காணோம். ஓரகத்தி எடுத்துப் போயிருந்தார். சாயங்காலம் அவரே கொண்டுவந்து கொடுத்தார். "உன் தையல் பாம்பு மாதிரி நெளியுது. பாவம்னு ஓரம் அடிச்சுக் குடுத்துக்கிறேன். பாரு, எப்படிக் கீது."

அருமையாக அடித்திருந்தார். நாலு பக்கமும், நூல் பிசகாமல், இரட்டைத் தையல். அறைகளின் வாயையும் சேர்த்து.

அவர் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் சொல்ல மனம் வரவில்லை. "நல்லா கீதுக்கா" என்றேன். அவர் போன பிறகு வாசலில் உட்கார்ந்து, பிளேடு முனையால் அறை வாய்களில் இருந்த இரட்டைத் தையலை மட்டும் ஒவ்வொன்றாக அறுக்க ஆரம்பித்தேன்.

அப்போதுதான் என் கணவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பிரிப்பதைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"பொண்ணு பொழைச்சு ஸ்கூலுக்குப் போவுது. இன்னும் இன்னாத்துக்கு உனக்கு அந்த ஆஸ்பத்திரி வேலை?"

என் பொறுமை அத்தோடு போய்விட்டது. "அங்க இன்னும் புள்ளைங்க கீதுங்க இல்ல? உன் எஞ்சினைக் குத்தறதுக்கா நான் ஊசி வெச்சிருக்கேன்? இந்த வூட்டுல என் சாமான்னு ஒண்ணை வெக்க ஒரு எடம் கெடையாது. ஒருத்தரும் கேட்டு எடுக்கறதில்ல. இதுல எதுக்கு இந்த வேலைன்னு வேற கேக்கற."

அவர் பதிலுக்குக் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அந்தக் குல்லாவை என்னால பாக்க முடியல" என்றார்.

நான் பிளேடைக் கீழே வைத்தேன்.

"நீ உள்ள இருந்த. பொண்ணைப் பாத்துக்கினு இருந்த. என்னை உள்ள வுடல. கேட்டாண்டயே நின்னுக்கினு இருந்தேன். ஒரு நாள் உங்க வார்டுலேர்ந்து ஒரு புள்ளையைத் துணில சுத்தி எடுத்துக்கினு போனாங்க. மூச்சு இல்ல அதுக்கு. தலைல வெள்ளைக் குல்லா. நம்மளுதுன்னு நெனச்சேன். யாரைக் கேக்கறதுன்னு தெரியல. சாயங்காலம் நீ ஜன்னலாண்ட வந்து கை காட்டினியே, அதுவரைக்கும் நம்மளுதுன்னுதான் நெனச்சுக்கினு இருந்தேன்."

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"இன்னான்னு சொல்றது?"

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, நான் பின்னுகிறபோதெல்லாம் எழுந்து படகுப் பக்கம் போய்விடுகிற மனிதரை, அலட்சியக்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஜன்னலில் கை காட்டிய அந்தச் சாயங்காலம் எனக்கு நினைவிருக்கிறது. கீழே அவர் தரையில் அப்படியே உட்கார்ந்ததைப் பார்த்தேன். வெயிலில் நின்ற களைப்பு என்று நினைத்து, டீ குடித்துவிட்டு வரச்சொல்லிச் சைகை காட்டினேன்.

"நிறுத்திடட்டா?" என்று கேட்டேன். அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயமாகவும் இருந்தது.

"நிறுத்துன்னு சொல்லல" என்றார். "வெள்ளைல போடாத. வேற கலர்ல போடு."

வீட்டில் இருந்த நூல் முழுக்க வெள்ளை. அடுத்த முறை மீஞ்சூரில் ஒரு வேலையாகப் போனபோது இரண்டு பேரும் கடையில் நின்றோம். எனக்கு ரோஜா நிறம் எடுக்க ஆசை. அவர் வலை நைலான் மாதிரி ஒரு அடர் நீலத்தைக் கையில் எடுத்து, இது போதும் என்றார். குழந்தைக்குப் போய் அந்த நிறமா என்று நாக்கு நுனி வரை வந்தது. அதையே வாங்கினோம்.

பையையும் ஒரு வழியாக முடித்தேன். பிளேடு வழுக்கி ஒரு அறையில் கீறல் விழுந்தது. உள்பக்கம் ஒட்டுப் போட்டேன். கட்டுவதற்குச் சாட்டின் ரிப்பன் வைத்தால், எப்படி முடிச்சுப் போட்டாலும் கொஞ்ச நேரத்தில் அவிழ்ந்து ஊசியெல்லாம் தரையில் கொட்டியது. கணவர் அதை வெட்டி எறிந்துவிட்டு வலைக் கயிற்றில் ஒரு துண்டு கட்டிக் கொடுத்தார். பச்சைக் கயிறு, வெள்ளைத் துணிக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை. ஆனால் அவிழவில்லை. மாமியார் இப்போதும் ஊசி எடுக்கிறார். எடுத்தால் திரும்பப் பையிலேயே வைத்துவிடுகிறார், ஈரத்தோடு, எந்த அறை காலியாக இருக்கிறதோ அதில்.

மழை தொடங்குவதற்குள் குல்லாக்களைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். வெள்ளையும் இருந்தது, நீலமும் இருந்தது. வெள்ளையை நான் அடியில் வைத்துவிட்டேன். கணவர் மகளைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, அவராகத்தான் நின்றார். நர்ஸ் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, நீலம் நன்றாக இருக்கிறது, அழுக்குத் தெரியாது என்றார். பிறகு, "காலுக்கும் சாக்ஸ் மாதிரி பின்னித் தர முடியுமாம்மா? கால் சில்லுன்னு ஆயிடுது இதுங்களுக்கு" என்று கேட்டார்.

சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

"இன்னா சொன்னாங்க?" என்றார் கணவர்.

"நீலம் புடிச்சிருக்குதாம். காலுக்கும் வேணுமாம்."

"காலுக்குமா" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அதுக்கும் நீலமே போடு" என்றார்.

ரயிலில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. மகள் என் மடியில் தூங்கிவிட்டாள். சாக்ஸுக்கு இரண்டு முனையும் கூராக இருக்கிற குட்டை ஊசிகள் வேண்டும், அதுவும் மிக மெல்லியதாக. அவற்றை இந்தப் பையில் போட்டால் அறைக்குள் போய் விழுந்துவிடும், வெளியே எடுக்கத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டியிருக்கும். அடியில் குறுக்கே ஒரு தையல் ஓட்டலாம். அதற்கு அந்த இரட்டைத் தையல் ஓரத்தைப் பிரிக்க வேண்டும். ஓரத்தைப் பிரித்தால் ஓரகத்திக்குத் தெரிந்துவிடும்.