மலைக்கோட்டை வெடித்த வியாழக்கிழமை

இன்று காலை அய்யலூர் ஆட்டுச் சந்தையில் என் வலது கை ஒரு துண்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, என் போர்க்கப்பலை நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

அப்போதிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கப்பல் என்றால் போனில். விண்வெளிச் சண்டை கேம். (திண்டுக்கல்லுக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். என் மனைவி ஏற்கெனவே கேட்டுவிட்டாள்.)

அந்த கேமிலேயே பெரிய கப்பல் அது. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினேன். பெயர் 'மலைக்கோட்டை'. எங்கள் ஊர் மலை மாதிரியே மொட்டையாக, எதற்கும் அசையாமல் நிற்கும். அதன் பீரங்கி ஒரு தடவை வெடித்தால் எதிரியின் தளமே காலி.

ஒரே ஒரு குறை. பீரங்கிக்குச் சார்ஜ் ஏறி முடியும்வரை கப்பலின் ஷீல்டு அணைந்திருக்கும். அந்த நேரத்தில் யாராவது வந்தால் உடனே பட்டனை அமுக்கி ஷீல்டைப் போட வேண்டும். கண்ணை எடுக்கவே கூடாது. (நான் இன்வெர்ட்டர் சர்வீஸ் செய்கிறவன். சார்ஜ் ஏறும்வரை காவல் இருப்பது எனக்குப் பழக்கம்தான்.)

எங்கள் கூட்டணி சண்டைக்குக் குறித்த நேரம் இன்று காலை. சந்தையும் இன்று காலை. ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் குலசாமி கோயிலில் காதுகுத்து, அதற்குக் கிடா வாங்கியே ஆக வேண்டும்.

கூட வந்தவர் என் மனைவியின் அண்ணன், செல்வம் மச்சான். பேரம் பேசுவதில் புலி. ஆனால் இன்று பார்த்து, "இந்தத் தடவ நீங்க பேசுங்க மாப்ள. எப்பத்தான் பழகுவீக?" என்று என்னைத் தள்ளிவிட்டார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். கைகளின் மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேசுவார்கள். வாங்குகிறவர் ஓர் அமுக்கு அமுக்கினால் இன்னும் கொஞ்சம் ஏற்றித் தருகிறேன் என்று அர்த்தம். பாதியில் கையை உருவினால் வியாபாரிக்குக் கோபம் வந்துவிடும்.

என் கை துண்டுக்குள். பீரங்கி சார்ஜில். போன் மச்சானிடம்.

"செவப்பா புள்ளி ஏதும் வந்தாச் சொல்லுங்க மச்சான்."

"வந்துருச்சு மாப்ள. நாலு வருது."

"நீல வட்டத்த அமுக்குங்க."

"ரெண்டு நீலம் இருக்கே."

"கீழ உள்ளத. அமுக்குங்க மச்சான். அமுக்குங்க, அமுக்குங்க."

நான் ஒவ்வொரு தடவை 'அமுக்குங்க' என்றபோதும் என் விரலும் துண்டுக்கடியில் வியாபாரியின் கையை அமுக்கியிருக்கிறது. எனக்கே தெரியாது.

வியாபாரி முகமெல்லாம் சிரிப்பாகத் துண்டை உதறித் தோளில் போட்டார். "முடிஞ்சுச்சு தம்பி. கேட்டதுக்கு மேல ஏத்திக் குடுத்த ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்."

மச்சான் அமுக்கியது மேலே இருந்த நீல வட்டத்தை. அது போட்டோ எடுக்கிற பட்டன். மலைக்கோட்டை வெடித்துச் சிதறுவதை விதவிதமாகப் படம் எடுத்து வைத்திருக்கிறார்.

திரும்பி வரும்போது லோடு ஆட்டோவில் எனக்கு அழுகை வந்தது, உண்மையைத்தான் சொல்கிறேன். அந்தக் கறுப்புக் கிடா பாட்டுக்கு என் சட்டை நுனியை மென்றுகொண்டு வந்தது.

மச்சானுக்கும் மனசு கேட்கவில்லை. "திரும்பக் கட்ட முடியாதா மாப்ள?"

"இன்ஜின் இருந்தா பாதி வேலை மிச்சம். அத ஜெயிச்சவன் தூக்கிட்டுப் போயிட்டான்."

"அவன்கிட்டப் பேச முடியுமா?"

பேசலாம். ஓநாய்ப் படம் வைத்த ஏதோ ஒரு ஆள். எந்த நாடு என்று தெரியாது. யார் எந்த மொழியில் எழுதினாலும் கேமே மொழிபெயர்த்துக் கொடுத்துவிடும்.

வடமதுரை தாண்டியதும் மச்சான் போனை வாங்கி எழுத ஆரம்பித்தார். "ஐயா, எங்க மாப்ள கிடா வாங்கக் கைய உள்ள விட்டுருந்தாரு. அந்த நேரத்துல அடிக்கிறது ஞாயமா?"

செத்த நேரம் கழித்துப் பதில் வந்தது. "கிடா என்பது ஆடா? படம் அனுப்பவும்."

சட்டையை மெல்லுகிற கிடாவை மச்சான் படம் எடுத்து அனுப்பினார்.

"மிகவும் அழகான விலங்கு. அதன் நெற்றியில் வெள்ளைச் சுழி உள்ளது. இன்ஜினைத் திருப்பித் தருகிறேன். இந்த ஆடு நலமாக இருக்கும்வரை உங்களைத் தாக்க மாட்டேன். தினமும் ஒரு படம் வேண்டும்."

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் 'சம்மதம்' என்று அனுப்பிவிட்டு, என் உள்ளங்கையில் பட்டென்று அடித்தார். "முடிஞ்சுச்சு மாப்ள."

மதியமே இன்ஜின் வந்துவிட்டது. ஓநாய் வாக்குத் தவறவில்லை. மலைக்கோட்டையைத் திரும்பக் கட்ட ஆரம்பித்துவிட்டேன். முடிய எப்படியும் இரண்டு மாதம் ஆகும். அதுவரை யார் தொட்டாலும் உதிர்ந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை கிடாவெட்டு.

இதை விட்டுவிட்டு வேறு கிடா வெட்டலாமா என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "சாமி பேரச் சொல்லி வாங்குனத மாத்தச் சொல்றீகளா? கப்பலுக்காகவா?" என்றாள். அங்கிருந்து நேராக மச்சானிடம் போனேன்.

"வேற கிடாவப் படம் எடுத்து அனுப்புவோம் மாப்ள. அவனுக்கா தெரியப்போகுது?" என்கிறார் மச்சான். ஆனால் அந்த ஆள் சுழி வரைக்கும் பார்த்து வைத்திருக்கிறான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஓநாயிடமிருந்து செய்தி. "ஆடு சாப்பிட்டதா?"

(சாப்பிட்டது. ஒரு இன்வெர்ட்டரின் அட்டைப்பெட்டி முழுவதையும்.)

நண்பர்களே, நெற்றியில் வெள்ளைச் சுழி உள்ள கறுப்புக் கிடா யாரிடமாவது இருந்தால் உடனே இன்பாக்ஸ் வாருங்கள். அதை வெட்ட மாட்டேன், இரண்டு மாதம் உட்கார வைத்துச் சோறு போடுவேன்.

விலையை மட்டும் எழுதி அனுப்பிவிடுங்கள். துண்டுக்குள் நான் இனிமேல் கை விடுவதாக இல்லை.