எது ரொம்ப மெதுவோ, அது

என் கணவர் பேசாத மனிதர் என்று கல்யாணமான நாளிலிருந்து நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியது மட்டுமில்லை, ஊருக்கெல்லாம் சொல்லியும் வந்தேன். "அவன் வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்" என்று என் மாமியாரே எச்சரித்துத்தான் எனக்குக் கட்டிவைத்தார். காபி எப்படி இருக்கிறது என்றால் ஒரு தலையாட்டல். ஆபீஸில் என்ன விசேஷம் என்றால், "ஒண்ணுமில்ல, யூஷுவல்." சரி, சுபாவம் என்று விட்டுவிட்டேன். அந்தச் சுபாவத்தோடேயே டெக்ஸாஸ் வந்து, ஆலன் என்கிற ஊரில் வீடு வாங்கி, பெண்ணை ஹைஸ்கூல் வரைக்கும் கொண்டுவந்தாயிற்று.

சுபாவமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை என்று தெரிந்தது போன கோடையில்தான்.

ஒரு சனிக்கிழமை மதியம் போனை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தார். போன இடம் எனக்குத் தெரியும், இரண்டு தெரு தள்ளி ஒரு நண்பரின் கராஜ். கொடுத்துவிட்டு வரலாம் என்று போனேன். வெயிலுக்காகக் கராஜ் கதவைப் பாதி இறக்கி, உள்ளே பெரிய ஃபேன் போட்டிருந்தார்கள். யாரோ மூச்சுவிடாமல் பேசுகிற சத்தம் கேட்டது. கிரிக்கெட் கமென்ட்ரி ஓடுகிறது என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால், பேசிக்கொண்டிருந்தது என் வீட்டுக்காரர்.

காலேஜ் நாளில் மேற்கு மாம்பலத்தில் மழைத்தண்ணீரில் பைக் நின்றுபோன கதை. பைக்கை எப்படித் தள்ளினார், யார் சிரித்தார்கள், செருப்பு எங்கே போனது, எல்லாம். கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறார். என்னிடம் அவர் பைக் வைத்திருந்ததைக்கூடச் சொன்னதில்லை. போனை உள்ளே நீட்டிவிட்டு வந்துவிட்டேன். 

அந்த நண்பரை நான் நேரில் வாய் நிறைய அண்ணா என்பேன். மனதுக்குள் அவருக்குக் கராஜ்காரர் என்றுதான் பெயர். திருநெல்வேலிக்காரர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ், சனிக்கிழமை டியூட்டி. அதனால் சனிக்கிழமைகளில் அந்தக் கராஜ் அவருடைய ராஜ்யம். அவர்தான் என் கணவரைத் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு முதலில் அழைத்துப்போனவர். "குறி பார்த்து அட்டையைச் சுடறதுதான், ஒண்ணும் ஆகாது" என்றார் என் கணவர். துப்பாக்கி என் வீட்டு வாசல்படி ஏறக்கூடாது என்று நான் ஒரே பிடியாக நின்றேன். ஆகவே துப்பாக்கி கராஜ்காரர் வீட்டு இரும்பு அலமாரிக்குப் போயிற்று. துப்பாக்கியின் பின்னால் தோட்டா போயிற்று. தோட்டாவின் பின்னால் என் கணவரும் போய்விட்டார். வழியை அடைத்ததாக நினைத்து நானே வழி அனுப்பிவைத்திருக்கிறேன்.

அப்படி என்னதான் செய்கிறார்கள் அங்கே? சுட்டு முடித்ததும் காலி பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டு வருகிறார்கள். அவற்றை மறுபடி நிரப்பிச் சுடுவார்களாம். நிரப்புவதற்கு முன்னால், கூட்டின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பொட்டு அளவு ப்ரைமரைக் குத்தி வெளியே தள்ள வேண்டும். தோட்டாவின் மருந்தைப் பற்றவைக்கிற பொட்டு அது, சுட்டபோதே வெடித்துத் தீர்ந்துபோனது. ஒவ்வொரு கூடாக எடுத்து, தள்ளி, டப்பாவில் போட்டு, அடுத்ததை எடுக்கிற வேலை. வாழைப்பூ ஆய்கிற மாதிரி, கைக்கு வேலை இருக்கும், மூளைக்கு இருக்காது. என் கணவருக்கு வாய் திறந்தது அங்கேதான் என்று எனக்குப் புரிந்தது. எதிரில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டால் அவருக்கு வராது. கண்ணும் கையும் வேறெதிலாவது இருந்தால் தானாக வரும்.

இதைக் கண்டுபிடித்ததில் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் நான் ஒரு கூடை வாழைப்பூவைக் கொடுத்து உட்கார வைத்திருக்கலாமே!

நடுவில் எங்கள் வீட்டில் ஒரு பாட்லக், ஆளுக்கொரு பண்டம் செய்து எடுத்துவருகிற விருந்து. நாலைந்து குடும்பங்கள் வந்திருந்தன, கராஜ்காரரும் வந்திருந்தார். யாரோ ஒரு ஆன்டி என் கணவருடைய வேலையைப் பற்றிக் கேட்டார். விடுவேனா? "இப்ப டைரக்டர் ஆன்டி, ஒரு பெரிய டீமே இவருக்கு ரிப்போர்ட் பண்ணுது" என்றேன். அந்தப் பதவி வந்ததிலிருந்து நான் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. கராஜ்காரர் அப்போது தட்டையே பார்த்துக்கொண்டு, என் வத்தக்குழம்பைச் சோற்றில் ரொம்ப நேரம் பிசைந்தார். என் கணவர் ஐஸ் எடுக்கக் கிச்சனுக்குப் போனார். பிறகு இரண்டு பேரும் பின்வாசலில் நின்று ஏதோ பேசிக்கொண்டார்கள். எனக்கு அதுவும் பொறுக்கவில்லை. பாத்திரம் கழுவும்போது புலம்பித் தீர்த்தேன். என் பெண் காதிலிருந்து இயர்போனைக் கழற்றிவிட்டு, "அம்மா, ஆர் யூ சீரியஸ்லி ஜெலஸ் ஆஃப் அன் அங்கிள்?" என்றாள்.

ஆமாம், பொறாமைதான். வேறொரு பெண்ணென்றால் சண்டை போடலாம், நாலு பேரிடம் நியாயம் கேட்கலாம். தொந்தியும் அரைக்கால் சட்டையுமாக இருக்கிற ஒரு அண்ணாவைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவள் எங்கே போய் முறையிடுவாள்?

அதனால் கடைக்குப் போனேன். ஹைவே ஓரத்தில் மீன் தூண்டிலிலிருந்து மான் வேட்டைச் சாமான் வரை விற்கிற பெரிய கடை. சுடிதாரில் அங்கே நுழைந்தவள் அன்றைக்கு நான் ஒருத்திதான். தொப்பி போட்ட ஒரு பெண் வந்து என்ன வேண்டும் என்றாள். பழைய ப்ரைமரை எடுக்கிற கருவி, பரிசு கொடுக்க, என்றேன். அவள் உற்சாகமாகிவிட்டாள். முதலில் காட்டியது மேஜையில் போல்ட் போட்டு இறுக்குகிற நெம்புகோல் பிரஸ். ஒரு இழுப்பு, ஒரு கூடு. ஒரு மலையையே ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்றாள்.

"அவ்வளவு சீக்கிரம் வேண்டாம். எது ரொம்ப மெதுவோ, அது எது?" என்று கேட்டேன்.

அவள் என் ஆங்கிலத்தைச் சந்தேகப்பட்டு மறுபடி கேட்டாள். நானும் மறுபடி அதையே சொன்னேன். ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தாள். அடியில் வைக்க ஒரு இரும்புக் கட்டை, குத்த ஒரு கம்பி. சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். இதைவிட மெதுவானது கிடையாது என்றாள். மெதுவானதுதான், ஆனால் டங் டங்கென்று அடிக்கிற சத்தத்தில் எவன் பேசுவான்? வேண்டாம் என்றேன்.

மூன்றாவது, கையில் பிடித்து அழுத்துகிற கருவி. பெரிய குறடு மாதிரி இரண்டு பிடி. தலையில் கூட்டை மாட்டி அழுத்தினால், ஒரு ஊசி கூட்டின் வாய் வழியாக இறங்கி ப்ரைமரை அடியில் தள்ளிவிடும். விழுவதைப் பிடித்துக்கொள்ள ஒரு குழாய்கூட இருந்தது. மேஜை வேண்டாம், போல்ட் வேண்டாம், டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் கை வலிக்கும், நிறுத்தி நிறுத்தித்தான் செய்ய முடியும் என்று அவள் குறையாகச் சொன்னாள். நிறுத்தினால் பேசலாமே! பிளாஸ்டிக்கில் ஒன்று, இரும்பில் ஒன்று இருந்தது. இரண்டையும் அழுத்திப் பார்த்து, இரும்பை எடுத்தேன். பில் போடும்போது, கூட்டில் படிந்த கரியில் ஈயம் இருக்கும், சாப்பாட்டு மேஜையில் செய்யாதீர்கள், கையைக் கழுவுங்கள் என்றாள். எங்கள் வீட்டுப் பின்பக்கப் பேட்டியோத் திண்ணையில் இரண்டு நாற்காலி போட்டுப் பழைய பெட்ஷீட்டை விரிப்பது என்று காருக்கு வருவதற்குள் முடிவுசெய்துவிட்டேன். ஒரு நாற்காலி அவருக்கு, ஒன்று எனக்கு.

கொடுத்தேன். அவர் முகம் மலர்ந்தது. அழுத்திப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "சூப்பரா இருக்கு. நீயேவா செலக்ட் பண்ண?" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தச் சனிக்கிழமையே அதை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது கை வெறுங்கை. "அங்கயே வெச்சிட்டேன். அந்தக் கூடு எல்லாம் அங்கதான இருக்கு? அவனுக்கும் ரொம்பப் புடிச்சிருக்கு. மாத்தி மாத்தி யூஸ் பண்றோம்."

மாத்தி மாத்தியாம்! அன்றைக்கு நான் ரசத்தில் உப்பே போடவில்லை. வேண்டுமென்றுதான்.

அப்புறம் நவராத்திரி வந்தது. ஆயுத பூஜையை எங்கள் வீட்டில் ஒருபோதும் விட்டதில்லை. கார் சாவி, லேப்டாப், என் தையல் மிஷின், அரிவாள்மணை, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் புனர்பூஜை செய்து எடுத்து, அந்தந்தக் கருவியால் கொஞ்சமாவது வேலை செய்ய வேண்டும். வைத்த வீட்டில்தான் எடுக்க வேண்டும். சந்தனத்தைக் குழைக்கும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

"அந்தக் குறடு எங்கே? அதுவும் ஆயுதம்தான? பூஜைக்கு வரணும்" என்றேன்.

"அது அவன் வீட்ல இருக்கே."

"அண்ணா வீட்ல ஏது பூஜை? அது இங்கதான் வந்தாகணும். நாளைக்குக் காலைல இங்கதான் வேலையும் செய்யணும். நாளைக்கு உங்களுக்கு வொர்க் ஃப்ரம் ஹோம்தான?"

சாயங்காலம் கராஜ்காரரே கொண்டுவந்தார். கரியெல்லாம் போகத் துணியால் பளபளவென்று துடைத்திருந்தார். கூடவே ஒரு ஐஸ்கிரீம் டப்பா நிறையக் கூடுகள். "தங்கச்சி, கருவி மட்டும் இருந்தா எப்படி? நாளைக்கு வேல செய்யணும்லா?" என்றார். பிறகு என் கணவரிடம் திரும்பி, "ஏல, இத இங்கனயே இருந்து முடி. முடிக்காம என் வீட்டுப் பக்கம் வராத" என்றார். சுண்டலை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நல்லவராக வேறு இருந்து தொலைக்கிறார் மனிதர். அவரைக் கரித்துக்கொட்ட ஒரு காரணம் மிச்சம் வைக்கவில்லை.

மறுநாள் காலை கற்பூரம் காட்டி, கருவியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பேட்டியோவில் பெட்ஷீட்டை விரித்தேன். நான் கூட்டை எடுத்து மாட்ட, அவர் அழுத்த, நான் எடுத்துப் போட, அடுத்தது. டக். டக். பிடியில் வைத்த குங்குமம் அவர் உள்ளங்கையில் அப்பிக்கொண்டது. நான் வாயே திறக்கவில்லை. திறக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவர் பேச ஆரம்பித்தார். முதலில் பக்கத்து வீட்டு வேலியைப் பற்றி. பிறகு எங்கள் பெண் கார் ஓட்டுகிற அழகைப் பற்றி. பிறகு கூட்டைப் பார்த்தபடியே, "பத்து மணிக்கு மீட்டிங் போட்டிருக்கான். நான் இன்டர்வியூ பண்ணி எடுத்த பையன். இப்ப அவன் காலண்டர பாத்துட்டு நான் லீவு கேக்கணும். டீம எடுத்து அவன்கிட்ட குடுத்து, என்னையும் அவனுக்கே ரிப்போர்ட் பண்ண வெச்சாங்கன்னு சொன்னேன்ல, அதே பையன்தான்" என்றார்.

என் கையில் இருந்த கூடு அப்படியே நின்றது.

"எப்போ?"

"ஜூன்ல. சொன்னேனே."

சொல்லிவிட்டுத்தான் என்னை நிமிர்ந்து பார்த்தார். யாரிடம் சொன்னோம், யாரிடம் சொல்லவில்லை என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கும் உறைத்தது. தட்டையே பார்த்துக்கொண்டு பிசைந்த வத்தக்குழம்பு. கிச்சனுக்குப் போன கால். என் வீட்டு விருந்தில், நான் டைரக்டர் டைரக்டர் என்று கூவியபோது, எங்கள் மூன்று பேரில் உண்மை தெரியாதவள் நான்தான். கராஜ்காரருக்குத் தெரியும். எல்லாமே தெரியும். பைக் கதையை அவருக்கே கொடுத்துவிடலாம். இதை, இந்த அவமானத்தை, அது நடந்த அன்றைக்கே எனக்கல்லவா கொடுத்திருக்க வேண்டும்?

"நீ எல்லார்கிட்டயும் அவ்வளவு சந்தோஷமா சொல்லிட்டிருந்த. எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றார். பிடி தளர்ந்து கருவியின் வாய் திறந்துகிடந்தது.

கத்த வேண்டும் போலிருந்தது. அழ வேண்டும் போலவும் இருந்தது. எதைச் செய்தாலும் இவர் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விடுவார், அடுத்த சனிக்கிழமை கராஜில் இதையும் சேர்த்துச் சொல்வார். டப்பாவிலிருந்து இன்னொரு கூட்டை எடுத்து, அவர் கையில் இருந்த கருவியில் மாட்டினேன்.

"சொல்லுங்க."

"அதான் சொல்லிட்டேனே."

"அண்ணாகிட்ட சொன்னீங்க. எங்கிட்ட முதல்லேர்ந்து சொல்லுங்க."

அவர் தளர்ந்திருந்த பிடியை இறுக்கிக்கொண்டார். பிறகு குனிந்து அழுத்தினார். டக். டப்பாவில் கால்வாசிகூடக் குறையவில்லை.