ஊசிக்குப் பிறகு ஒரு முட்டை

யாழ்ப்பாணமே எலும்பும் தோலுமாகிக்கொண்டிருந்த காலத்தில் என் அண்ணையின் ஈரலில் கொழுப்புப் படிந்தது. எங்கள் குடும்பம் எதையும் காலத்தோடு ஒட்டிச் செய்ததில்லை.

அண்ணை நீர்வேலியில் வாழைக்குலை மொத்த வியாபாரி. போரில் பாதை மூடியதும் லொறிகள் நின்றன. தெற்கே போகவேண்டிய கதலிக் குலைகளும் இதரைக் குலைகளும் முற்றத்தில் பழுத்துக் கிடந்தன. எறிய மனம் வராத அண்ணை, சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே அவற்றைத் தன் வாய் வழியாக அனுப்பி வைத்தார்.

ஈரலில் கொஞ்சம் கொழுப்பு இருப்பது, பாதை மூடுவதற்குச் சற்று முன் கொழும்பில் எடுத்த ஸ்கானிலேயே தெரிந்திருந்தது. அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை. பிறகு களைப்பு வந்தது, வலது விலாவின் கீழ் ஒரு பாரம் வந்தது, இரத்தத்தில் சீனியும் ஏறியது. ஆஸ்பத்திரியில் தெளிவாகவே சொன்னார்கள்: இப்போது வெறும் கொழுப்புத்தான், உடம்பு மெலிந்தால் ஈரல் பழையபடி வரும், விட்டால் இறுகும், இறுகினால் திரும்பாது.

எங்கள் பக்கத்தில் ஈரல் வருத்தம் என்றால் கள்ளுத் தவறணை என்று பொருள். அண்ணையோ கள்ளின் மணத்துக்கே மூக்கைப் பொத்துகிறவர். கிளினிக் வாங்கில் இருந்து காத்திருந்த அவரைக் கண்ட ஊர்க்காரர் ஒருவர், "என்ன அண்ணை, எங்களுக்குத் தெரியாமல் எந்தத் தவறணை?" என்று கேட்டுவிட்டார். அத்தோடு ஆஸ்பத்திரிக்கு முழுக்கு.

அதனால்தான் உடுவிலுக்குப் போனோம். ஆங்கில வைத்தியம் படித்து, பின்னர் சீனத்து ஊசி முறையும் கற்றுக்கொண்ட ஒரு டொக்டர் அங்கே இருந்தார். ஸ்பிரிட் கிடையாது, ஊசிகளை விறகடுப்பில் அவித்தார். ஒவ்வொரு நோயாளியின் ஊசிகளையும் தனித்தனிப் பெனிசிலின் குப்பிகளில் போட்டு வைத்தார். கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே, முழங்காலுக்குக் கீழே, வயிற்றில் என்று ஊசி ஏற்றிவிட்டு, சிலவற்றுக்கு ஒரு சின்னப் பெட்டியிலிருந்து மெல்லிய மின்சாரம் கொடுப்பார். பற்றரி அரசாங்கம் தடைசெய்த பொருள். ஆகவே நாங்கள் வானொலி கேட்கச் செய்வதைத்தான் அங்கும் செய்தோம்: சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, ஒருவர் மிதிக்க வேண்டும். அந்த ஒருவர் நான். அண்ணைக்கு வருத்தம் என்றதும் ஈரலைப் பற்றிப் பலநூறு பக்கங்கள் படித்திருந்தேன். குடும்பத்துக்குப் பயன்பட்டது என் முழங்கால் மட்டும்.

டொக்டர் முதல் நாளே ஒளிக்காமல் சொன்னார்: "ஊசி பக்கத்துணைதான் ஐயா. களைப்பு, ஓங்காளம் குறையும், நித்திரை வரும். கொழுப்பைக் கரைக்கிறது உங்கடை வாயும் காலும்தான். வாயைக் கட்டுங்கோ, நடவுங்கோ. ஆஸ்பத்திரியை விடாதையுங்கோ."

நித்திரை வரும் என்றது மட்டும் அண்ணைக்குக் கேட்டது. வரவும் செய்தது. ஊசி போட்ட அன்று குண்டுச் சத்தத்துக்கும் எழும்பாமல் உறங்கினார். சுகம் வந்துவிட்டதென்று நாங்களும் நம்பினோம்.

அண்ணையின் மனைவியான மச்சாள் ஒருத்திதான் நம்பவில்லை. இத்தனை ஊசி குத்தினால் உடம்பிலிருக்கிற பலமெல்லாம் அந்த ஓட்டைகளால் போய்விடும் என்பது அவள் கணக்கு. பலம் போனால் என்ன செய்வதென்று எங்கள் பெண்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பெரியபிள்ளையானவளுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் கொடுப்பதுதான்: பச்சை முட்டை, அந்த முட்டைக் கோதளவு நல்லெண்ணெய், வாய்க்கசப்புக்கு ஒரு பனங்கட்டி. ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் அண்ணைக்குப் பிரசவம் பார்க்கப்பட்டது.

முட்டை அருமையான காலம் அது. மச்சாள் வளர்த்த கோழிகள், விமானச் சத்தம் கேட்டால் எங்களுக்கு முதல் பங்கருக்குள் இறங்கின. அவற்றின் முட்டையில் ஒன்றையாவது அவள் தின்று நான் பார்த்ததில்லை. அவள் காப்பு முழங்கை வரை ஏறி இறங்கத் தொடங்கியிருந்தது.

சில மாதங்களின் பின் டொக்டர் இரத்தம் சோதிப்பித்தார். நிலைமை முன்னையதைவிட மோசம். வீட்டில் என்ன சாப்பாடு என்று கேட்டார். அண்ணை கூரையைப் பார்த்தார். மச்சாள்தான் பெருமையோடு எல்லாவற்றையும் சொன்னாள். டொக்டர் ஊசிகளைக் கழற்றினார். பிறகு, இந்த வருத்தத்துக்கு அவள் கொடுப்பது நஞ்சு என்றார்.

மச்சாள் அழவில்லை. "சனம் பட்டினியிலை சாகுது. நான் என்ரை மனுசனைப் பட்டினி போட்டுச் சுகப்படுத்திறதோ, டொக்டர்?"

நான் சைக்கிளை விட்டு இறங்கினேன். டொக்டர் கழற்றிய ஊசிகளை அண்ணையின் குப்பியில் போட்டு மூடினார். அதன் பிறகு முட்டை மறைவில் போனது. மறைவு என்றும் சொல்ல முடியாது. அண்ணையின் மீசையில் எண்ணெய் மினுங்கும். ஊசியும் நடந்தது, முட்டையும் நடந்தது, அண்ணை மட்டும் நடக்கவில்லை. கண் மஞ்சளாகி, கால் வீங்கியபோது டொக்டர் அவர் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, இறுகிப்போச்சு என்று எனக்கு மட்டும் சொன்னார்.

தொண்ணூற்றைந்தில் மழைக்கால இரவொன்றில், இராணுவம் நெருங்குகிறதென்று எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். வீட்டுப் படலை வரைக்கும் போகாத அண்ணை, தென்மராட்சிக்கு நடந்தார். தனியே நடக்கக் கூச்சமென்று சொல்லிக்கொண்டிருந்தவருக்குத் துணையாக அன்று எங்கள் வலிகாமம் முழுவதும் நடைப்பயிற்சிக்கு வந்தது. ஏலாத இடங்களில் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டினேன்.

அங்கே சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை கிடைத்தது. டொக்டரும் அதே வளவில் ஒரு மாமரத்தின் கீழ்தான் இருந்தார். வீட்டிலிருந்து ஊசிக் குப்பிகளைத்தான் தூக்கி வந்திருந்தார். அண்ணையின் வயிறு நீர் கோத்துப் பானையாகியிருந்தது. ஓங்காளத்தில் நித்திரையில்லை. டொக்டர் காலில் ஊசி ஏற்றினார். மின்சாரம் வேண்டாம் என்றார். அண்ணை கொஞ்சம் கண்ணயர்ந்தார்.

அப்போது மச்சாள் தன் பொட்டலத்தை அவிழ்த்தாள். உள்ளே நகையில்லை, காணி உறுதிப் பத்திரம் இல்லை. துணியில் சுற்றிய நல்லெண்ணெய்ப் போத்தல் இருந்தது. டொக்டரைக் கண்டதும் அதை மறைக்கப் பார்த்தாள்.

டொக்டர் போர்வையை அண்ணையின் நெஞ்சு வரை இழுத்துவிட்டார். "குடுங்கோ, தங்கச்சி," என்றார். "இனி என்னவும் குடுக்கலாம்."

பல வருடங்களின் பின் மச்சாள் முகம் மலர்ந்ததை அன்று பார்த்தேன். "பாத்தியளே தம்பி, டொக்டரே சொல்லிப்போட்டார். எண்ணெய் இருக்கு. ஒரு முட்டைதான் வேணும்."

ஓம் மச்சாள் என்று சொல்லிச் சைக்கிளை எடுத்தேன். தங்க இடம் கேட்டுப் படலைகளில் நின்ற சனத்தின் நடுவே நான் முட்டை கேட்டு நின்றேன். பைத்தியம் என்று சிலர் விலகினார்கள். கடைசியில் ஒரு வீட்டில் கிடைத்தது. நாட்டுக்கோழி முட்டை, சூடு ஆறவில்லை. உடைந்துவிடக் கூடாதே என்று சைக்கிளில் ஏறாமல், மழைக்குள் உருட்டிக்கொண்டே நடந்தேன்.