கடிகாரத்துக்குக் கீழே நின்ற சூப்பர்வைசர்

காலம் என்று ஒன்றே இல்லாமல் இருக்கலாம் என்ற எண்ணம், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு மில் வேலைக்குப் போகும் பேருந்தில்தான் எனக்கு முதலில் உறைத்தது. ஒரு பொருளின் நகர்வை இன்னொன்றின் நகர்வோடு ஒப்பிட்டே எல்லாக் கணக்கையும் போட்டுவிடலாம். அப்படியானால் எது முன், எது பின் என்ற வரிசை மட்டும்தானே மிச்சம்?

இறங்கிய வேகத்தில் இதை எங்கள் சூப்பர்வைசரிடம் கொட்டினேன். கசங்காத வெள்ளைச் சட்டைக்காரர். பைக் சாவியால் காதைக் குடைந்து, முகர்ந்து பார்த்து, சுவரில் தேய்ப்பது அவர் பழக்கம். நான் முடிக்கும்வரை குடைந்துகொண்டே கேட்டார்.

மில் வாசல் கடிகாரம் ஷிப்ட் முடிந்தது என்று காட்டினால்தான் கதவு திறக்கும். அன்று சாயங்காலம், அதற்குக் கீழே, எங்களோடு வேலை பார்க்கும் தளவாய்புரத்து அக்கா ஒருவர் அவரிடம் கெஞ்சினார்.

“அண்ணாச்சி, கடிகாரம் பிந்தி ஓடுது. இந்த பஸ்ஸ விட்டா பொறவு கெடையாது. பிள்ளை காய்ச்சல்ல கெடக்கு.”

அவர் சாவியை முகர்ந்தார். “ஏட்டி, நேரம்னே ஒண்ணு இல்லையாம். கணக்குப் படிச்ச தம்பியே சொல்லுதாரு. இல்லாதது எப்படிட்டி பிந்தும்?”

அக்கா என்னைப் பார்த்தார். “அப்போ பஸ்ஸும் இல்லையா தம்பி?”

ஊருக்குள் போய்த் திரும்பிய பஸ் வெளியே கடந்துபோகும் சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் கதவு திறந்தது. அந்தச் சாவி என் வாய்க்குள் போய் வந்ததுபோல இருந்தது. சூப்பர்வைசர் யோசித்துத்தான் சொன்னாரா, வாய்க்கு வந்ததைச் சொன்னாரா, இன்னும் எனக்குப் புரியவில்லை.

ஆனால் நேரம் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். காலம் இல்லையென்றால் கடிகாரமும் வேண்டாம். அந்த பஸ் எங்கள் வாசல் வழியாகத்தான் ஊருக்குள் போய்த் திரும்புகிறது. அது உள்ளே போகும்போது கதவைத் திறந்தால் போதும், திரும்பும்போது ஏறிக்கொள்ளலாம். நாளைக்கு ஏணியைக் கொண்டுபோய் வைத்து, எல்லார் முன்னாலும் அந்தக் கடிகாரத்தை அவரையே கழற்றச் சொல்லப்போகிறேன்.