நான் படிக்காமல் விட்ட வரி

இன்று செஞ்சியிலிருந்து வல்லம் போகும் பஸ்ஸில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டு வந்தேன். யாரோ ஒருவர் தன் மனைவிக்கு எழுதிய கடிதங்களைப் புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள்.

"இன்னாடி அது? சத்தமா படி."

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்தேன். 'நீ ஊருக்குப் போனதிலிருந்து சோறு இறங்கவில்லை' என்று ஒரு வரி.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உங்க நைனாவும் பெங்களூர் வேலைக்குப் போயிருந்தப்ப லெட்டர் போட்டாரு. கொல்லையில மல்லாட்ட பறிச்சாச்சா, கடல என்னா வெல போவுது, மாடு கன்னு போட்டுச்சான்னு கேப்பாரு. இந்த மாதிரி ஒரு வார்த்த எழுதல பாரு."

எழுதினார். ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும், 'உன் நெனப்பாவே இருக்குது' என்று எழுதினார். அம்மாவுக்குப் படித்துக் காட்டியது நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்த வரி வந்ததும் வெட்கத்தில், "அவ்ளோதாம்மா" என்று மடித்துவிடுவேன்.

"எழுதியிருந்தாரும்மா. நான்தான் படிக்கல."

"போடி. செத்துப்போன மனுசனுக்காகப் பொய் சொல்ற" என்று சிரித்தாள்.

காட்டுவதற்குக் கடிதங்கள் இல்லை. கூரை ஒழுகிய ஒரு மழையில் எல்லாம் கூழாகிவிட்டன.

யாரோ யாருக்கோ எழுதியதை மட்டும் ஒரு வரி விடாமல் படிக்க எனக்கு வாய் வருகிறது.

உங்கள் வீட்டில் கடிதம் படித்துக் காட்டிய பிள்ளை நீங்கள்தானா? எல்லா வரியையும் படித்தீர்களா?