தனிப்படி வைத்த பூண்டு அறை

கொடைக்கானலில் வீடு மேல்நோக்கி வளராது, கீழ்நோக்கித்தான் வளரும். சாலையில் நின்று பார்த்தால் அடக்கமாக ஒற்றைத் தளம், வாசலில் நாலு ரோஜாத் தொட்டி, "நமக்கெல்லாம் எதுக்குங்க மாடி" என்கிற பாவனை. பள்ளத்தில் இறங்கி அண்ணாந்து பார்த்தால்தான் அடியில் இன்னும் இரண்டு தளம் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பது தெரியும். மலையில் கட்டடத்துக்கு உயர வரம்பு உண்டு. ஆழத்தைப் பற்றி யாரும் எங்களிடம் கேட்கவில்லையே என்பது எங்கள் ஊர் வாதம்.

மதுரையில் சிவில் படித்து முடித்த சூட்டோடு, வடகவுஞ்சியிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து நான் வேலைக்குச் சேர்ந்தது, டவுனில் பிளான் வரைந்து அனுமதிக்கு அனுப்பும் ஒரு இன்ஜினியரிடம். எனக்கு அந்த ஆபீஸ் ஒரு சினிமாக் கொட்டகை. ஊர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பேப்பர் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, எங்கள் மேசைக்கு வருகிற ஆசைகளைப் பார்த்தாலே போதும். ஒரு வருஷம் எல்லாருக்கும் கண்ணாடிச் சுவர் வேண்டும். மறுவருஷம் அதே ஆட்களின் பங்காளிகளுக்குத் தரையைத் தொடுகிற கூம்புக் கூரை வேண்டும். அதற்கடுத்து மண்வீடு. "மண்வீடுதான் மேடம் வேணும், ஆனா உள்ள டைல்ஸ் போட்றணும்" என்று கேட்டவரை நான் இன்னும் மறக்கவில்லை.

இதில் பெரிய கலை, அறைகளுக்குப் பெயர் வைப்பது. வீடு என்று அனுமதி வாங்கிவிட்டு காட்டேஜ் நடத்த நினைக்கிறவர்கள், பிளானில் 'வாடகை அறை' என்றா எழுதுவார்கள்? முதலில் எல்லாம் படிப்பறையாக இருந்தது. ஒரே வீட்டில் வரிசையாகப் படிப்பறைகள், அந்த வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போவது ஒரே ஒரு பிள்ளை. அது அலுத்ததும் பூஜை அறைகள் வந்தன. ஒவ்வொரு சாமிக்கும் தனி அறை, ஒவ்வொரு அறைக்கும் ஒட்டினாற்போல் குளியலறை, வெந்நீர்க் குழாயோடு. அனுமதி தருகிற ஆபீஸில் இருப்பவர்கள் என்ன சாமி கும்பிடாதவர்களா? சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினார்கள். அப்போதுதான் ஊர் மூளை பூண்டைக் கண்டுபிடித்தது. மலைப்பூண்டு விளைகிற ஊரில் பூண்டு அறை இருப்பதை யார் கேட்க முடியும்? திடீரென்று ஒரு காய்கறிச் செடிகூட நட்டறியாதவர்கள் எல்லாம் பூண்டு அறையோடு வர ஆரம்பித்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் வில்பட்டியிலிருந்து ஒரு அக்கா வந்தார். நாற்பது வயதிருக்கும். கம்பளிச் சட்டைக்கு மேல் துண்டைப் போர்த்தியிருந்தார், செருப்பில் காட்டு மண் காயவில்லை. பின்னாலேயே அவர் வீட்டுக்காரர். அவர் எல்லாவற்றுக்கும் "ஆமா" சொல்வதற்கென்று கூட்டிவரப்பட்டவர்.

விஷயம் இதுதான். அக்காவின் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் ஒரே வீட்டில் இருந்தார்கள். பாகம் பிரித்தபோது பூண்டுக்காடு சரிபாதியாயிற்று. பழைய வீடு அக்காவின் கொழுந்தன் பங்குக்குப் போக, ஒட்டியிருந்த காலி இடம் இவர்களுக்கு வந்தது. கொழுந்தன் அந்த வீட்டை இடித்துவிட்டு காட்டேஜ் கட்டப் போகிறார். பங்குனியில் பூண்டு பிடுங்குகிறவரைக்கும் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் அக்கா வீடு கட்டியாக வேண்டும். இருந்துகொள்ள டவுனில் ஒரு வாடகை வீடு பிடித்துவிடலாம்தான், ஆனால் பூண்டு என்ன செய்யும்? விதைப்பூண்டை அடுப்புக்கு மேலே பரணில் கட்டித் தொங்கவிட்டுப் புகை காட்ட வேண்டும். புகை படாத பூண்டு சொத்தையாகிவிடும், அடுத்த நடவுக்கு விதை இருக்காது.

"வீடு சின்னதா இருந்தாலும் போதும் பாப்பா. பூண்டு அறை மட்டும் நான் சொல்ற மாதிரி வரணும்" என்றார் அக்கா. "வெரசா வரஞ்சு குடு. காட்டுல சோலி கெடக்கு."

எனக்குக் கை துறுதுறுத்தது. உண்மையான பூண்டுக்கு உண்மையான அறை! அக்கா சொல்லச் சொல்ல வரைந்தேன். அடுப்பங்கரைக்கு மேலே அறை. கீழிருந்து புகை ஏறக் கணப்பு மாதிரி ஒரு கல் அடுப்பு. மண்ணும் சருகுமாக வருகிற பூண்டுக்கட்டை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் ஏற்ற, வெளியே தனிப்படி. மருந்தடித்த காட்டில் வேலை செய்து, கட்டைச் சுமந்து வந்தவர் மேலேயே குளித்துவிட்டு இறங்க, பக்கத்தில் ஒரு குளியலறை.

அங்கே நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும் என்று கணக்குப் போட்டுப் பார்த்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அக்கா, இந்தச் சுவத்துல ஒரு பெரிய ஜன்னல் வச்சா என்ன வியூ தெரியுமா?"

"பூண்டு என்னத்தப் பாக்கப் போகுது?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து இரங்கி, "சரி, பாப்பா ஆசப்படுது. ஒன்னு இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

வீட்டுக்காரர், "ஆமா" என்றார்.

எங்கள் சார் பழனிக்காரர். எதைப் பார்த்தாலும் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரிப்பார். பிளானைப் பார்த்ததும் கழற்றினார். "வேற பேரே கெடைக்கலியா? இந்த மாசம் மட்டும் எத்தன பூண்டு அறை போச்சுன்னு தெரியுமா? ஒன்னு கூட பாஸாகல."

"சார், இது நெசமாவே பூண்டு அறை."

"அதான்மா சிக்கலு. பொய்யின்னா வேற பொய் சொல்லிக்கலாம். பேசாம பூஜை அறைன்னு மாத்தி விடு. அது வந்து நாளாச்சு, மறந்திருப்பாங்க."

போன் போட்டு அக்காவிடம் கேட்டேன். "ஏம் பாப்பா, பூண்டத் தொங்கவிட்டுட்டு சாமி பேரச் சொன்னா, சாமி கண்ணக் குத்தாது? பூண்டுன்னே எழுது" என்று வைத்துவிட்டார். பூண்டென்றே போனது. இடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று பதில் வந்தது.

பார்க்க வந்த அதிகாரி சமவெளியிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். மத்தியான வெயிலிலும் குரங்குக் குல்லாவைக் கழற்றவில்லை. ஆனால் கண் மட்டும் கூர்மை. பிளானை ஜீப்பின் முன்பக்கத்தில் விரித்து விரலால் தட்டிக்கொண்டே வந்தார்.

"கணப்பு இருக்கு. தனி வழி இருக்கு. ஒட்டுன குளியலறை இருக்கு. பள்ளத்தாக்கு பாத்த மாதிரி ஜன்னல் வேற." அக்காவை நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, உங்க பூண்டு காலைல பெட் காபி குடிக்குமா?"

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அக்காவின் முறைப்பில் என் தோள்பை பாதி எரிந்திருக்கும்.

"சார், இது கட்டுக் கட்டாத் தொங்குற எடமுங்க. மனுசன் தங்க மாட்டான்" என்றார் அக்கா.

"எல்லாரும் இதேதான் சொல்றாங்க. முந்தாநாள் ஒரு பூண்டு அறை பாத்தேன். டிவி மாட்ட ஆணி அடிச்சிருந்தாங்க."

சரியாக அந்த நேரத்தில் ஒரு வெளியூர்க் கார் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. "அண்ணே, இங்க ரூம் இருக்குமா? ஃபேமிலி ரூம்?"

பழைய வீட்டு வாசலில் நின்று இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கொழுந்தனுக்கு வியாபாரப் புத்தி முந்திக்கொண்டது. "இன்னும் கட்டலிங்க! அடுத்த சீசனுக்கு வாங்க, சூப்பரா இருக்கும்!" என்று கூவிக்கொண்டே ஓடிவந்தார்.

அதிகாரி பிளானைச் சுருட்டினார். அக்கா ஜீப்புக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றார்.

"அது என் கொழுந்தன் கட்டப் போறது சார். எங்களுது இல்ல."

"எல்லாம் ஒரே குடும்பம்தானம்மா."

"ஒரே குடும்பமா இருந்தா நான் எதுக்குங்க தனியாக் கட்டுறேன்?"

அக்கா அதோடு விடவில்லை. "பழைய வீட்டுப் பரண்ல விதப்பூண்டு இன்னும் கெடக்கு. ஏறிப் பாருங்க. பாத்துட்டு வேணாம்னு சொன்னீங்கன்னா நான் வாயத் தொறக்கல."

மூங்கில் ஏணி. கீழே அடுப்பில் ஈர விறகு. அதிகாரி குல்லாவோடு ஏறினார், பின்னால் நான். மேலே இருட்டு. கரி பிடித்த கம்பு கம்பாகப் பூண்டு, தலையில் இடிக்காமல் நகர முடியாது. புகை மூக்கில் ஏறி, நெஞ்சில் இறங்கி, கண்ணில் உட்கார்ந்துகொண்டது. அதிகாரி ஏதோ கேட்க வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. வந்தது நிற்கவும் இல்லை.

கீழே இறங்கியபோது வாழ்க்கையில் முதல்முறையாக, இந்த மலைக்கு வந்த பிறகு முதல்முறையாக என்று வைத்துக்கொள்ளுங்கள், குல்லாவைக் கழற்றினார். கண்ணில் தாரைதாரையாக நீர். வீட்டுக்காரர் ஒரு சொம்புத் தண்ணீர் நீட்டினார்.

"காசு குடுத்து இல்ல," என்றார் அதிகாரி மூச்சு வாங்கிக்கொண்டே, "காசு வாங்கிட்டுக்கூட ஒருத்தனும் இங்க தங்க மாட்டான்."

"ஆமா" என்றார் வீட்டுக்காரர். அன்றைக்கு அது ஒன்றுதான் பொருத்தமாக விழுந்த ஆமா.

அதிகாரி இரண்டு திருத்தம் சொன்னார். குளியலறை படிக்கட்டின் அடிக்கு வர வேண்டும். அந்த ஜன்னல் போக வேண்டும். அக்கா ஜன்னலை நொடியில் விட்டுக்கொடுத்தார், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் பதிலுக்கு ஒன்று கேட்டார். "நாளைக்கு இன்னொருத்தர் வந்து இதையே கேப்பாங்க. பூண்டு காயப்போடவும் புகை போடவுந்தான்னு எழுத்துலயே போட்டுக் குடுத்துருங்க சார்." அதிகாரி சம்மதித்தார். கண் எரிகிறவர் எதற்கும் சம்மதிப்பார்.

அதோடு முடிந்ததா? மலையில் ஒரு பிளான் பாஸாவது என்றால், அது சாமி புறப்பாடு மாதிரி, ஒவ்வொரு மண்டகப்படியிலும் நிற்கும். மண்ணைப் பார்க்கிறவர்கள், காட்டைப் பார்க்கிறவர்கள், சரிவைப் பார்க்கிறவர்கள். நான் ஆபீஸ் ஆபீஸாகப் போய் நின்றேன். "நீதான அந்தப் பூண்டுப் பொண்ணு?" என்று கேட்கிற அளவுக்குப் பிரபலமானேன். அனுமதி வந்தபோது மார்கழிப் பனி தொடங்கியிருந்தது.

அப்புறம் கொத்தனாருக்குப் பஞ்சம். பனியில் சுற்றுலாக்காரர்கள் குறைவார்கள் என்பதால் ஊரே அப்போதுதான் கட்டும். இருந்த ஒரே கொத்தனார் கோஷ்டியைக் கொழுந்தனும் அக்காவும் ஒரே நேரத்தில் பிடித்திருந்தார்கள். பரணிலிருந்த விதைப்பூண்டு நடவுக்குப் போய்விட்டது. கொழுந்தனும் அனுமதி வாங்கி, தை பிறந்ததுமே பழைய வீட்டை இடித்துவிட்டார். "காட்டேஜை சீசனுக்குள்ள தெறக்கணும் மதினி, கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் இடித்தார். அக்காவும் வீட்டுக்காரரும் பாதி எழுந்த சுவருக்குள் தார்ப்பாய் கட்டிக் குடிபுகுந்தார்கள். வெள்ளனே எழுந்து மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு அக்கா ஒரு ரசம் வைப்பார். கொத்தனார்கள் அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள், வாசனைக்கு இந்தப் பக்கம் ஒதுங்குவார்கள். ஒதுங்கியவர்களைக் கரண்டியோடு நிறுத்திவைத்து, நாலு கல் வைக்கச் சொல்லித்தான் அனுப்புவார். கொழுந்தன் வேலியோரம் நின்று, "மதினி, இது நியாயமே இல்ல" என்பார். "ஒங்க பக்கம் டீ வச்சுக் குடுங்களேன், யாரு வேணாம்னா?" என்று பதில் போகும்.

பங்குனியில் பூண்டு பிடுங்கியபோது வீட்டுக்கு வெள்ளையடிக்கவில்லை, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பூண்டு அறைக்கு மட்டும் கூரை இருந்தது, அடுப்பு இருந்தது. கட்டுகள் வெளிப்படியில் ஏறின. அக்கா ஈர விறகைச் செருகிப் பற்றவைத்தார். புகை கிளம்பி, ஜன்னல் இல்லாத அறையை நிறைத்து, கூரையிடுக்கில் வழிந்து, காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போனது. காற்று அன்று கொழுந்தன் பக்கம். அவருடைய புத்தம்புதுக் காட்டேஜின் பால்கனியில் முதல் விருந்தாளிகள் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

வேலியைத் தாண்டி வந்தார் கொழுந்தன். "மதினி, கெஸ்ட் வந்துருக்காங்க. ரெண்டு நாளைக்கு மட்டும் அந்த அடுப்ப அமத்துங்களேன்."

"அமத்துனா விதை போயிரும் கொழுந்தனாரே. புகை போடத்தான்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்துருக்கு. வேணும்னா பாப்பாட்டக் கேளுங்க."

என்னைக் கேட்டார். நான் தலையாட்டினேன். வீட்டுக்காரரின் வேலையை அன்றைக்கு நான் பார்த்தேன்.

கொழுந்தன் திரும்பிப் போகாமல் அங்கேயே நின்று புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மெல்ல மாறியது. அவர் காட்டிலும் அன்று பூண்டு பிடுங்கிப் போட்டிருந்தது. காட்டேஜில் படுக்கையறை இருந்தது, பால்கனி இருந்தது, சுவரில் மான் தலை மாதிரி ஏதோ ஒன்று இருந்தது. பரணை இடித்த மனிதர், பரணில் தன் விதைப்பூண்டும்தான் தொங்கியது என்பதை இத்தனை மாதமும் யோசிக்கவே இல்லை. கட்டடக் கோளாறு எத்தனையோ படித்திருக்கிறேன், இது எந்தப் பாடத்திலும் கிடையாது.

கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நான் அன்று அக்கா வீட்டிலேயே படுத்தேன். மறுநாள் காலை விருந்தாளிகள் எழுவதற்கு முன்பே கொழுந்தன் வந்துவிட்டார். தோளில் ஒரு கட்டு, கையில் ஒரு கட்டு, பின்னால் அவர் மனைவி தலையில் ஒரு கட்டு.

"மதினி… ஒரு ஓரமா…"

அக்கா படியின் அடியில் இடுப்பில் கை வைத்து வழியை மறித்து நின்றார். தொங்க இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அளந்து வரைந்தவள் நான்.

"ரூமு வேணுமா?" என்றார் அக்கா. "எத்தன பேரு? எத்தன நாளு தங்குறீக? ஆதார் கார்டு கொண்டாந்தீகளா?"

கொழுந்தன் மனைவி தலையிலிருந்த கட்டோடு குலுங்கிச் சிரித்தார். கொழுந்தனும் சிரிக்கப் பார்த்தார், அதற்குள் புகை தொண்டையில் ஏறிவிட்டது. அவர் இருமி முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, அக்கா அவர் தோளிலிருந்த கட்டைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டு முன்னால் படியேறினார்.